அணையின் நீர்மட்டம்: வானொலியின் ஒரு நாள்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவை ஏற்படுத்தியவர் ஒரு கிராமத்துப் பள்ளியின் தலைமையாசிரியர். பேச்சை எழுதிக்கொண்டு வர வேண்டும், குறித்த நேரத்தைத் தாண்டக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். வானொலிக்குப் பேசப் போனவர்கள் இந்த இரண்டு நிபந்தனைகளையும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். பெரியவர் நல்ல நேயராக இருந்திருக்க வேண்டும்.

கல்லூரியார் எனக்குத் தந்த தலைப்பு ‘பொது ஒலிபரப்பும் மக்களாட்சியும்’. அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் தென்மாவட்ட நிலையம் ஒன்றில் பதினொரு ஆண்டுகள் கேஷுவல் அறிவிப்பாளராக இருந்தவள். மாதத்துக்கு ஆறு டியூட்டி. ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்: நான் வேலை பார்த்த காலத்து ஆகாசவாணியின் ஒரு நாள். அதிலும் பாட்டை விட்டுவிடுகிறேன். செய்தியும் பேச்சும் மட்டும். அந்த நாள் முழுக்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆள் யாரை நினைத்துக்கொண்டு பேசுகிறார்?

காலை டியூட்டி என்றால் நாலரைக்கு நிலையத்து வண்டி வீட்டு வாசலில் ஹாரன் அடிக்கும். ஆறு மணிக்குச் சற்று முன்பு முகப்பிசை. சிவரஞ்சனியில் தம்புராவின் மேல் வயலின் தடவிப் போகும் அந்தச் சில விநாடிகள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதை அமைத்தவராகச் சொல்லப்படும் வால்டர் காஃப்மன், பொஹீமியாவில் பிறந்து நாஜிகளின் காலத்தில் பம்பாய்க்கு வந்து சேர்ந்த யூதர். அது முடிந்ததும் வந்தே மாதரம், மங்கள இசை. பிறகுதான் மனிதக் குரல்.

ஏழு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது சமஸ்கிருதச் செய்தி. 1974-இல் தொடங்கியது. எங்கள் தெருவில் சமஸ்கிருதம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் பலதேவானந்த சாகர் தம் பெயரைச் சொல்லித் தொடங்கும் முதல் வரியைப் பால்காரர்கூட மனப்பாடமாகச் சொல்வார். அந்த ஐந்து நிமிடம் எங்களுக்குக் கடிகாரம். ‘சாகரஹ’ முடிவதற்குள் குளித்துவிட்டு வர வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பொருள் புரியாமலேயே பயன்பட்ட செய்தி உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஏழேகால். தில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. ‘ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி.’ 2022 ஆகஸ்டில் அவர் மறைந்தபோது, முகம் தெரியாத ஒருவருக்காக இவ்வளவு பேர் வருந்துகிறார்களே என்று இளைய தலைமுறை வியந்தது. அவருக்கும் முந்திய தலைமுறையில், 1947 ஆகஸ்ட் 15 அதிகாலை விடுதலைச் செய்தியைத் தமிழில் வாசித்தவர் பூர்ணம் விசுவநாதன். அவரைச் சினிமா நடிகராக மட்டும் அறிந்தவர்கள் அடுத்த முறை அவர் வசனத்தைக் கவனியுங்கள். ஒரு சொல்லும் மறு சொல்லின் மேல் ஏறி விழாது.

அந்தச் செய்தி எப்படித் தயாராகும்? தில்லியின் பொதுச் செய்தி அறையில் முதலில் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். அது மொழிப் பிரிவுகளுக்குப் போகும். நேரம் ஓடிக்கொண்டிருக்க, அங்கே தமிழாகும். இங்கேதான் தமிழின் இயல்பு ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தால், விலைவாசி குறைந்து வருவதாகவும், உற்பத்தி பெருகியிருப்பதாகவும், வரும் ஆண்டில் நிலைமை மேலும் சீரடையும் என்றும் முழு நிமிடம் கேட்ட பிறகுதான் ‘நிதியமைச்சர் தெரிவித்தார்’ என்று வரும். அச்சில் படிப்பவர் கண்ணை மேலே ஓட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். காதுக்கு அந்த வசதி இல்லை. யார் சொன்னது என்று தெரியாமலே கேட்டு முடித்துவிட்டு, ‘யாரு சொன்னாங்க?’ என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும். அதற்குள் அடுத்த செய்தி பாதியில் நிற்கும். ஆகவே சொன்னவர் முன்னால் வந்தார். ஒரு வாக்கியம் மூன்றாக உடைந்தது. இன்று தொலைக்காட்சியும் பத்திரிகையும் எழுதும் சுருக்கமான செய்தித் தமிழில் பாதி, இந்த மொழிபெயர்ப்பு மேசைகளில் நேர நெருக்கடியில் பிறந்தது என்பது என் கணிப்பு. இலக்கிய வரலாறு எழுதுபவர்கள் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

மொழியில் கெட்டிக்காரத்தனம். பொருளில்? அங்கேதான் என் கேள்வி வருகிறது. தில்லிச் செய்தி யாரை நினைத்து வாசிக்கப்பட்டது? நாட்டு மக்கள் அனைவரையும் என்பது அலுவலக விடை. அனைவரையும் நினைத்துப் பேசினால் ஒருவரையும் நினைக்கவில்லை என்று பொருள். உண்மையில் அந்த அறிக்கையை மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் தில்லியிலேயே ஏதோ ஓர் அமைச்சகத்தில் உட்கார்ந்திருந்தார். நெருக்கடி நிலைக் காலத்தில் அது வெளிப்படையாகவே தெரிந்தது. 1984 அக்டோபர் 31-இல் பிரதமர் சுடப்பட்டு இறந்ததை பி.பி.சி. சொல்லிப் பல மணி நேரம் கழித்துத்தான் நம் வானொலி சொன்னது. வங்காளத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த அவருடைய மகனே பி.பி.சி.யைத்தான் திருப்பிக் கேட்டார் என்பது அந்த நாளைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் குறிப்பிடும் செய்தி. சொந்த வீட்டுச் சாவுக்கு அடுத்த தெருவில் போய் விசாரித்த கதை.

பி.பி.சி. என்றதும் ஒருவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1941-இல் செய்தி மடலாகத் தொடங்கிய லண்டன் தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ என்று பெயர் வைத்தவர் யாழ்ப்பாணத்துக்காரரான சோ. சிவபாதசுந்தரம். ‘ஒலிபரப்புக் கலை’ என்று தமிழில் ஒரு நூலும் எழுதினார். எங்களைப் போன்றவர்களுக்கு அது பாடப்புத்தகம். தமிழோசையின் வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30-ஆம் தேதி நின்றுபோனது. இரவு ஒன்பதேகாலுக்குச் சிற்றலையின் இரைச்சலுக்கு நடுவே காதை ஒட்டி வைத்துக் கேட்டவர்கள் இந்த அரங்கிலும் சிலர் இருப்பீர்கள். ஈழத்தில் போர் நடந்த ஆண்டுகளில் அந்த இரைச்சலுக்குள் எத்தனை குடும்பங்கள் ஊர்ப்பெயரைத் தேடின!

காலைச் செய்தி முடிந்ததும் சென்னை நிலையத்தில் சில நிமிடங்கள் ஒரு மனிதர் பேசுவார். தென்கச்சி கோ. சுவாமிநாதன். ‘இன்று ஒரு தகவல்.’ வேளாண்மைப் பட்டதாரி. திருநெல்வேலி நிலையத்தில் பண்ணை ஒலிபரப்பில் இருந்து வந்தவர். ஏற்ற இறக்கமே இல்லாத குரல். நகைச்சுவையைச் சொல்லிவிட்டுத் தாம் சிரிக்க மாட்டார். செய்தி வாசிப்பில் பழகிய காதுக்கு இந்தக் குரல் முதலில் குறையாகவே பட்டிருக்கும். ஆனால் யாரை நினைத்துப் பேசினார் என்று கேட்டுப் பாருங்கள். சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பவர், இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருப்பவர், தலை பின்னிக்கொண்டிருக்கும் பிள்ளை. கை வேலையாக இருக்க, காது மட்டும் சும்மா இருக்கும் ஒருவர். அவரிடம் சத்தம் போட வேண்டியதில்லை. தென்கச்சியின் வெற்றி கதைகளில் இல்லை. அவற்றில் பாதி எங்கோ கேட்டவைதாம். சத்தம் போடாமல் ஒருவரோடு பேசும் அந்தப் பழக்கத்தில்தான் இருந்தது; அதை அவர் திருநெல்வேலியில் ‘வீடும் வயலும்’ நிகழ்ச்சியில் கற்றுக்கொண்டார் என்பது என் துணிபு. வயலில் நிற்பவனிடம் பேசிப் பழகியவர் மாநகரத்துக்கும் அதே பேச்சைக் கொண்டுவந்தார்.

பகல் ஒலிபரப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மகளிர் நிகழ்ச்சி, பள்ளிகளுக்கான கல்வி ஒலிபரப்பு, ஒன்றேமுக்காலுக்குத் திருச்சியிலிருந்து மாநிலச் செய்தி. கல்வி ஒலிபரப்பில் தி. ஜானகிராமன் இருந்தார், சென்னை நிலையத்தில் அகிலன் இருந்தார் என்று பெருமையாகச் சொல்வதுண்டு. உண்மைதான். எழுத்தாளர்களுக்கு மாதச் சம்பளம் தந்ததற்காகவே வானொலிக்கு ஒரு கும்பிடு போடலாம்.

‘உரை’ எனப்படும் பேச்சுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேச அழைக்கப்பட்டவர் முன்கூட்டியே எழுத்துப்படியை அனுப்ப வேண்டும். அரசியல் கட்சியைப் பேர் சொல்லித் தாக்கக் கூடாது, நட்பு நாட்டைக் குறை சொல்லக் கூடாது, கடைப்பெயரோ மருந்துப் பெயரோ வரக் கூடாது. வெட்டுவதற்கெல்லாம் ஒரு விதித்தொகுப்பு உண்டு. இதனால் பல பேச்சுகள் உப்பில்லாமல் போயின, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மருத்துவர் ஒருவர் சர்க்கரை நோயைப் பற்றி மருந்துக் கம்பெனியின் பெயரைச் சொல்லாமல் பத்து நிமிடம் பேசியதைக் கேட்ட தலைமுறை, இன்று கைப்பேசியில் கிடைக்கும் மருத்துவ அறிவுரைகளைக் கேட்டால் அந்த விதியின் அருமை புரியும். ஒலிப்பதிவுக்கு வருபவர்களுக்கு நாங்கள் சொல்வது இரண்டே. குண்டூசியைக் கழற்றிவிடுங்கள், தாளைப் புரட்டாமல் பக்கத்தில் நகர்த்தி வையுங்கள். மேடையில் ஆயிரம் பேரை அசைத்த பேச்சாளர்கள் அந்தச் சிறிய அறையில் திணறியதைப் பார்த்திருக்கிறேன். கைதட்ட ஆளில்லாத இடத்தில் ‘அன்பார்ந்த பெரியோர்களே’ என்று தொடங்கினால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்ஜினியருக்கே சிரிப்பு வரும்.

இனி மாலை. வானொலியின் நாளில் எனக்குப் பிடித்த பொழுது அதுதான். ஆறரைக்குச் சென்னையிலிருந்து மாநிலச் செய்தி. அதையொட்டிப் பண்ணை நிகழ்ச்சி, சந்தை நிலவரம், வானிலை, அணைகளின் நீர்மட்டம், மீனவர்களுக்கான எச்சரிக்கை. ஊடகவியல் மாணவர்கள் இவற்றைச் செய்தி என்றே கணக்கில் எடுப்பதில்லை. நிலையத்திலும் இவை புதிதாக வந்த கேஷுவல்களிடம் தள்ளிவிடப்படும். எனக்கும் அப்படித்தான் வந்தன.

ஒரு நாள் நான் அணையின் நீர்மட்டத்தைத் தவறாக வாசித்தேன். பொதுப்பணித் துறையிலிருந்து தொலைபேசியில் சொல்வார்கள். டியூட்டி ரூமில் ஒரு தாளில் எழுதி வைப்போம். நான் முந்தைய நாள் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். யாருக்கும் தெரியவில்லை. டியூட்டி ஆபீசருக்கும் தெரியவில்லை. லாக் புக்கில் ‘நிகழ்ச்சி சரியாக ஒலிபரப்பானது’ என்றுதான் இருக்கும். மூன்றாம் நாள் ஓர் அஞ்சலட்டை வந்தது. ‘நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரே அடி எப்படி அம்மா? ராத்திரி மலையில் இடி இடித்தது எனக்குக் கேட்டதே. நாற்றங்காலுக்குத் தண்ணி விடுவதா வேண்டாமா?’ அவ்வளவுதான். கையெழுத்து நடுக்கமாக இருந்தது.

பதினொரு ஆண்டுகளில் நான் வாசித்த பிற எதற்கும் அப்படி ஒரு கடிதம் வந்ததில்லை. அமைச்சர் பேச்சில் ஒரு பத்தியை விட்டிருந்தால் மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்திருக்கும், நேயரிடமிருந்து வந்திருக்காது. அந்த அட்டைக்குப் பிறகு நீர்மட்டத்தை வாசிக்கும்போதெல்லாம், ஒரு கையில் மண்வெட்டியும் மறு கையில் டிரான்சிஸ்டருமாக வரப்பில் நிற்கும் ஓர் ஆளை நினைத்துக்கொள்வேன். எண்ணை மெதுவாக, இரண்டு முறை சொல்வேன். மேட்டூர் நூற்றிருபது அடி, வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பு என்பது நமக்குப் பொது அறிவு வினா. டெல்டாவில் அது குறுவை வைப்பதா, காத்திருப்பதா என்ற முடிவு.

இப்படிப் பேசியதால் விளைந்ததற்கு நம்மிடமே சான்று உண்டு. 1965-இல் ஆடுதுறை 27 என்ற நெல் வந்தது. ஜப்பானின் நோரின் 10-உம் நம் ஜி.இ.பி. 24-உம் கலந்த குறுகிய காலப் பயிர். தஞ்சாவூர் மாவட்டத்தில் அதை எப்படி விதைப்பது, எப்போது உரமிடுவது என்று திருச்சி நிலையத்தின் பண்ணை ஒலிபரப்பு நாள்தோறும் சொல்லிக்கொடுத்தது. விவசாயிகள் ஆராய்ச்சி நிலையத்து எண்ணை மறந்துவிட்டு அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். ஒரு பயிருக்கு ஊடகத்தின் பெயர் ஒட்டிக்கொண்ட இன்னோர் இடத்தை நான் அறியேன். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1956-இல், புனே நிலையம் யுனெஸ்கோவோடு சேர்ந்து 150 கிராமங்களில் ஒரு சோதனை நடத்தியிருந்தது. ஊர்க்காரர்கள் குழுவாகக் கூடி வாரம் இருமுறை அரை மணி நேரம் கேட்பார்கள். பிறகு தமக்குள் விவாதிப்பார்கள். சந்தேகங்களை நிலையத்துக்கு எழுதுவார்கள். அடுத்த நிகழ்ச்சிகளில் அவற்றுக்கு விடை வரும். பத்து வாரம், இருபது நிகழ்ச்சிகள். இன்று ‘இருவழித் தொடர்பு’ என்று கருத்தரங்கம் போடுகிறோமே, அது அஞ்சலட்டை வழியாக அப்போதே நடந்தது.

பண்ணை நிகழ்ச்சியின் மொழியையும் கவனிக்க வேண்டும். காலையில் ‘தெரிவித்துள்ளார்’ என்று விறைத்து நின்ற அதே வானொலி, மாலையில் ‘என்ன அண்ணாச்சி, பூச்சி விழுந்திருக்காமே?’ என்று திண்ணையில் உட்கார்ந்துவிடும். வட்டார வழக்கு வானொலிக்குள் நுழைந்தது முதலில் இந்த வாசல் வழியாகத்தான். தூயதமிழ் அன்பர்கள் சிலருக்கு அதில் வருத்தம் உண்டு. எனக்கில்லை. யாரிடம் பேசுகிறோம் என்பது தெளிவானால் மொழி தானாக இறங்கி வரும்.

இதே அளவுகோலைக் கடலுக்குக் கொண்டுபோனால் வேறு கதை. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் குமரிமுனையைத் தாக்கியது. ஆழ்கடலுக்குப் போய்ப் பல நாள் தங்கி மீன்பிடிப்பவர்கள் அதற்கு முன்பே கிளம்பியிருந்தார்கள். எச்சரிக்கை கரைக்கு வந்தது. அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. திரும்பாதவர்கள் பலர். வானொலி எந்த அலையில் வருகிறது என்பது இங்கே முக்கியம். பண்பலை கண்ணுக்கெட்டிய தூரம் போகும் அலை. கரையை விட்டுச் சற்று விலகினால் மங்கிவிடும். மத்திய அலை அப்படியல்ல. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கடற்பரப்பை ஒட்டியே நெடுந்தூரம் போகும்; இரவில் வானத்தில் பட்டுத் திரும்பி இன்னும் தொலைவுக்கு எட்டும். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை எங்கள் கடற்கரை ஊர்களில் பக்கத்து வீட்டுப் பேச்சுபோலக் கேட்டதும் இதனால்தான். ஒலித்துல்லியத்தைக் காட்டிப் பண்பலைக்கு மாறுகிறோம். பாட்டுக்கு அது சரி. கட்டுமரத்துக்கும் விசைப்படகுக்கும் துல்லியமா முக்கியம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் தனியார் பண்பலை நிலையங்கள் தாமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. 2011-இல் வந்த கொள்கைப்படி, ஆகாசவாணி செய்தியை ஒரு சொல்லும் மாற்றாமல் அஞ்சல் செய்யலாம், அவ்வளவே. வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பிரசார் பாரதி தன்னாட்சி அமைப்பாக 1997-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் வானொலியில் செய்தி என்றால் இன்றும் ஒரே குரல்தான். போட்டியில்லாத கடைக்காரர் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. 2023-இல் ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்று சொல்லாதே, ‘ஆகாசவாணி’ என்று மட்டும் சொல் என்று உத்தரவு வந்தபோது இங்கே எதிர்ப்பு எழுந்தது. நம்மிடம் ‘வானொலி’ என்ற அழகான சொல் இருக்க இது எதற்கு என்றார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் பெயர்ப் பலகைக்குச் செலவான மையில் கொஞ்சம், தனியாருக்குச் செய்தி உரிமை ஏன் இல்லை என்று கேட்பதற்கும் செலவாகியிருக்கலாம்.

இரவு ஏழேகாலுக்கு மறுபடி தில்லி. ஒன்பதுக்கு ஆங்கிலச் செய்தி. பதினொரு மணிக்கு மேல் விடைபெறும் அறிவிப்பு. கடைசி டியூட்டி பார்ப்பவர் ஃபேடரை இறக்கிவிட்டு வெளியே வந்தால் நிலையத்து வேப்பமரத்தடியில் வண்டி நிற்கும். ஓட்டுநர் தம் டிரான்சிஸ்டரில் எங்கள் நிகழ்ச்சியைக் கேட்டிருக்க மாட்டார், சிலோன் கேட்டுக்கொண்டிருப்பார். அதை நான் யாரிடமும் புகாராகச் சொன்னதில்லை.

அந்த அஞ்சலட்டைக்காரருக்கு நான் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். நிலையத்து முத்திரையில்லாமல், சொந்த அட்டையில். பதில் வரவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு தைப்பொங்கலுக்கு நேயர் கடித நேரத்தில் அதே நடுங்கும் கையெழுத்தில் ஒரு வரி வந்தது: இந்த வருஷம் விளைச்சல் மோசமில்லை.

மாணவர்களே, சென்னை 720, திருச்சி 936, நெல்லை 1197 என்பவை எங்கள் தலைமுறை மனப்பாடமாக வைத்திருந்த மத்திய அலை எண்கள். இன்றிரவு வீட்டுப் பரணில் பழைய டிரான்சிஸ்டர் இருந்தால் இறக்கி, மின்கலம் போட்டு, உங்கள் ஊரில் எது எடுக்கிறது என்று பாருங்கள். எடுத்தால், அணையின் நீர்மட்டத்தை வாசித்தவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். எடுக்காவிட்டால், ஏன் எடுக்கவில்லை என்று கேட்டு நிலைய இயக்குநருக்கு எழுதுங்கள். அதற்கு ஓர் அஞ்சலட்டை போதும்.